எண்களின் உழைப்பாளி இராமானுஜன்

கொங்கு நாட்டின் பழைய வணிக நகரங்களுள் ஒன்று ஈரோடு. திருப்பூரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் காவிரிக் கரையில் அமைந்த அவ்வூரில், 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் சீனிவாச இராமானுஜன் பிறந்தார். அந்நாளில் ஈரோடும் திருப்பூரும் கோயம்புத்தூர் மாவட்டம் என்ற ஒரே குடையின்கீழ் இருந்தன. தாயார் கோமளத்தம்மாள் பேறுகாலத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தார். அவருடைய தந்தை ஈரோடு முன்சீப் நீதிமன்றத்தில் அமீனாவாகப் பணியாற்றியவர். குழந்தைக்கு ஓராண்டு நிரம்பும் வேளையில் தாயும் மகவும் கும்பகோணத்துக்குத் திரும்பினர்.

உலகம் போற்றும் கணித மேதையாக இராமானுஜனை இன்று அறியாதவர் இல்லை. ஆயினும் அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வியப்போடு தொடங்கி வியப்போடு முடிந்துவிடுகிறது. நாமகிரித் தாயார் கனவில் வந்து எழுதிக் காட்டினாள் என்பதும், வாடகை வண்டியின் எண்ணைக் கேட்டதுமே அதன் பெருமையைச் சொன்னார் என்பதும் மக்கள் நாவில் நிலைபெற்ற செய்திகள். நாமக்கல் தாயாரிடம் அவர் கொண்டிருந்த பக்தி உண்மையானது. அவரது ஆற்றலும் அரியதே. எனினும் அந்த ஆற்றலுக்குப் பின்னால் இருந்த கையுழைப்பு எத்தகையது என்பதை அவர் தயாரித்த ஓர் எண் பட்டியல் தெளிவாகக் காட்டுகிறது. அதைவிடத் தெளிவாக, அப்பட்டியலில் விடுபட்டுப்போன ஒரே ஓர் எண் காட்டுகிறது.

துணிக்கடைக் கணக்கர் மகன்

தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்துத் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதியவர். மாதம் 20 ரூபாய் ஊதியம். முழம் போடுவதும் விலை கூட்டுவதும் பேரேட்டில் பதிவதுமாகக் கழிந்த வாழ்க்கை அது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் சிறிய வீடு. தாயார் கோயிலில் பஜனை பாடிக் கிடைத்த சிறு தொகையும் குடும்பத்துக்கு உதவியது. இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்த குழந்தை இராமானுஜன். அவருக்குப் பின் பிறந்த குழந்தைகள் சிலர் பால் மணம் மாறாத பருவத்திலேயே இறந்தனர்.

1897-இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதன்மை பெற்ற சிறுவன், அடுத்த ஆண்டு கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். 1903-ஆம் ஆண்டு கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அவன் கைக்குக் கிட்டியது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களை வரிசைப்படுத்தி, பலவற்றுக்கு நிறுவல் ஏதும் தராமல் அடுக்கிச் சென்ற நூல் அது. தேர்வுக்குப் படிப்போருக்கான கையேடாக அமைந்த அந்நூல், அந்த இளைஞருக்கு ஆயிரக்கணக்கான புதிர்களின் களஞ்சியமாயிற்று. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்த்தார். அந்தப் பயிற்சியே அவருடைய எழுத்து முறையையும் வகுத்தது. முடிவை எழுதுவார், வழியை எழுதமாட்டார்.

1904-இல் பரிசுடன் பள்ளியை முடித்து, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஏனைய பாடங்களில் தேறாமையால் உதவித்தொகை பறிபோயிற்று. 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906-லும் 1907-லும் எப்.ஏ. தேர்வில் தோல்வியே கிட்டியது. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை என்ற நிலையில் 1909-இல் ஜானகி என்னும் பத்து வயதுச் சிறுமியுடன் திருமணம் நடந்தது.

அந்த ஆண்டுகளில் அவருக்குத் துணையாய் இருந்தது ஒரு சிலேட்டுப் பலகை. தாள் வாங்கக் காசில்லை. சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் துடைத்து, மீண்டும் கணக்கிட்டு, இறுதி விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றிவந்தார். பின்னாளில் உலகெங்கும் உள்ள கணித அறிஞர்கள் அந்த நோட்டுப் புத்தகங்களின் ஒவ்வொரு வரியையும் நிறுவப் பல ஆண்டுகள் உழைக்க நேர்ந்தது. சிலேட்டில் அழிந்தவை மீளவில்லை.

துறைமுகத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவரும், திருக்கோயிலூரில் துணை ஆட்சியராக இருந்தவருமான வி. இராமசாமி ஐயரை 1910-இல் இராமானுஜன் சென்று கண்டார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய ஐயர், சிறிய அலுவலகப் பணி ஒன்றில் அமர்த்தி அந்த அறிவை வீணாக்க விரும்பாமல், சென்னைக்கு அறிமுகக் கடிதங்கள் தந்து அனுப்பினார். நெல்லூர் ஆட்சியராக இருந்த ஆர். இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் 25 ரூபாய் அளித்து ஆதரித்தார். 1911-இல் பெர்னோலி எண்களைப் பற்றிய முதல் கட்டுரை கணிதக் கழக இதழில் வெளிவந்தது. 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் கணக்கு எழுத்தரானார். தந்தையைப் போலவே மகனும் கணக்கர் ஆனார் என்று வீட்டார் நிறைவு கொண்டிருக்கக்கூடும். ஆனால் அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அந்த எழுத்தரின் உண்மையான கணக்கு வேறு என்பதை உணர்ந்தவர்கள்.

1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஜி. எச். ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்கள் நிறுவல் இன்றி அதனுடன் இணைந்திருந்தன. வேறு ஆங்கிலேய அறிஞர்களுக்கு முன்னர் எழுதியும் பயன் விளைந்ததில்லை. ஹார்டியும் அவருடைய தோழர் லிட்டில்வுட்டும் அன்றிரவே அவற்றை ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரக் கணித அறிஞர் என்று முடிவு கண்டனர். அதே ஆண்டு மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17-இல் நெவாசா என்னும் கப்பலில் புறப்பட்டு, ஏப்ரல் நடுவில் இலண்டன் சேர்ந்தார்.

சில திங்களில் முதல் உலகப் போர் மூண்டது. லிட்டில்வுட் படைப் பணிக்குச் சென்றார். தம் கையால் சமைத்த மரக்கறி உணவை மட்டுமே உண்ட இராமானுஜனுக்குப் போர்க்காலத் தட்டுப்பாடு பெரும் இன்னல் தந்தது. அந்தக் குளிரிலும் தனிமையிலும் அவர் ஈடுபட்டிருந்த ஆராய்ச்சிகளுள் ஒன்றே உயர்பகு எண்களைப் பற்றியது.

டஜனில் தொடங்கும் கணிதம்

உயர்பகு எண் என்பதைத் திருப்பூர் மக்களுக்கு விளக்குவது எளிது. பனியனும் ஜட்டியும் டஜன் கணக்கில் பெட்டியில் அடங்கும் ஊர் இது. பத்துக்கு மாறாகப் பன்னிரண்டை வணிகம் ஏன் தேர்ந்துகொண்டது? பத்தை மீதமின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 5, 10 ஆகிய நான்கே. பன்னிரண்டை வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. ஒரு டஜனை மூன்று அளவுகளில் பங்கிட்டால் நான்கு நான்காக வரும். நான்கு அளவுகளில் பங்கிட்டால் மும்மூன்றாக வரும். பத்து உருப்படிகளை மூன்று அளவுகளில் சமமாகப் பிரிக்க வழியில்லை.

பன்னிரண்டைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் விஞ்சி நிற்கும் இத்தகைய எண்ணே உயர்பகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை செல்கிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி, ஆண்டுகளின் சுற்று 60 என்று தமிழர் காலத்தை அளந்ததும், வட்டத்துக்கு 360 பாகை என்று பண்டைய வானியலார் வகுத்ததும் இவ்வரிசை எண்களைக் கொண்டே. பொத்தான் வணிகத்தில் வழங்கும் குரோஸ், அதாவது 144, இவ்வரிசையில் இடம்பெறாது. அதற்கு 15 வகுத்திகள். அதைவிடச் சிறிய 120-க்கோ 16.

சிறிய எண்களில் விளையாட்டாகத் தோன்றும் இது, எண்கள் பெருகப் பெருகக் கடினமாகிறது. இலட்சம் கோடிகளில் ஒவ்வோர் எண்ணாக எடுத்து வகுத்துப் பார்த்தால் ஓர் ஆயுள் போதாது. இராமானுஜன் எண்களின் உள்ளமைப்பிலிருந்து தொடங்கினார். எந்த எண்ணும் பகா எண்களின் பெருக்கலே. 12 என்பது 2-ஐ இருமுறையும் 3-ஐ ஒருமுறையும் பெருக்கியது. அம்முறைகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால், மூன்றும் இரண்டும் பெருகி ஆறு வகுத்திகள் எனக் கிடைக்கும். உயர்பகு எண்ணில் 2 வரும் முறை 3 வரும் முறையைவிடக் குறையாது. 3 வரும் முறை 5 வரும் முறையைவிடக் குறையாது. இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாது. கடைசிப் பகா எண் ஒருமுறை மட்டுமே வரும். 4, 36 ஆகிய இரண்டு எண்கள் மட்டும் இதற்கு விலக்கு. இவற்றையெல்லாம் அவர் நிறுவினார். சாலையில் மைல்கற்களை நடுவது போல, எளிதில் கண்டறியத்தக்க சில சிறப்பு எண்களை முதலில் நிலைநிறுத்தி, அவற்றின் இடைவெளிகளில் ஏனையவற்றைத் தேடினார்.

இவ்வாறு 102 எண்களைப் பட்டியலிட்டார். பட்டியலின் இறுதி எண் 6746328388800. சொல்லால் கூறின் 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. இதற்கு 10080 வகுத்திகள். கணிப்பொறி இல்லாத காலத்தில், தாளும் எழுதுகோலும் கொண்டு, ஒவ்வோர் எண்ணையும் அண்டை எண்களோடு ஒப்பிட்டு நிறுத்தியே இப்பட்டியல் உருவாயிற்று.

விடுபட்ட எண்

அப்பட்டியலில் ஓர் எண் இல்லை. அது 293318625600, அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. இதில் 2 ஆறுமுறை வருகிறது, 3 நான்குமுறை, 5-உம் 7-உம் இவ்விரண்டு முறை, 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறை. ஒவ்வொன்று கூட்டி 7, 5, 3, 3, 2, 2, 2, 2 எனப் பெருக்கினால் 5040 வகுத்திகள் கிடைக்கின்றன. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை. ஆகவே அது பட்டியலில் இடம்பெற வேண்டிய எண்ணே.

இதில் ஒரு நயமும் உண்டு. விடுபட்ட எண்ணை அடுத்த பகா எண்ணாகிய 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது பட்டியலின் இறுதி எண்ணேயாகும். தனக்குரிய வரிசையில் இடம் இழந்த எண், பட்டியலின் முடிவில் மற்றோர் எண்ணுக்குள் மறைந்து நிற்கிறது.

இந்த விடுபாட்டால் இராமானுஜனின் புகழ் ஒரு சிறிதும் குறையவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பேரெண்களுள் ஒன்றே ஒன்று தவறியதென்றால் ஏனையவற்றில் அவர் காட்டிய கவனம் எத்தகையது என்பதே அதனால் விளங்கும். பேரேடு எழுதும் கணக்கர் வரிசையில் ஒரு வரி விட்டுப்போவது இயல்பு. கனவில் எழுதிக் கொடுக்கப்பட்ட பட்டியலாயின் அவ்வாறு ஒரு வரி விட்டுப்போகாது. அது விழித்திருந்த மனிதர் ஒருவர் இரவும் பகலும் எழுதியது.

1729 என்ற எண்ணின் கதையையும் இந்த ஒளியில் காண்பது தகும். புட்னியில் மருத்துவமனையில் இருந்த இராமானுஜனைக் காண வந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண்ணில் சுவை ஏதும் இல்லை எனக் குறைப்பட்டார். இரு கனங்களின் கூட்டலாக இருவேறு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று இராமானுஜன் உடனே எடுத்துக்காட்டினார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் கூடினால் 1729. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் கூடினாலும் 1729. ஆனால் அந்த உண்மை அவருடைய நோட்டுப் புத்தகங்களில் முன்னரே இடம்பெற்றிருந்தது. படுக்கையில் அவர் கண்டது பழகிய முகத்தை.

பட்டமும் பெருமையும்

உயர்பகு எண்களைப் பற்றிய கட்டுரை 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் அறுபது பக்கங்களுக்கு மேல் வந்தது. எழுதியது முழுவதும் வெளிவரவில்லை. கழகம் அப்போது பணமுடையில் இருந்தமையால் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றுவிட்டது. வெளிவந்த பகுதிக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி வழியாக பி.ஏ. பட்டம் வழங்கியது. எப்.ஏ. தேர்வில் இருமுறை தோற்றவருக்குப் பட்டம் பெற்றுத் தந்தவை, பன்னிரண்டில் தொடங்கி இலட்சம் கோடிகளைத் தொட்ட அந்த எண்களே.

ஓர் எண்ணைச் சிறிய எண்களின் கூட்டலாக எத்தனை வகையில் பிரிக்கலாம் என்பது அடுத்த பேராராய்ச்சி. நான்கை ஐந்து வகையில் பிரிக்கலாம். இருநூறை 3,97,299 கோடியே 90 இலட்சத்து 29 ஆயிரத்து 388 வகையில் பிரிக்கலாம். மக்மேகன் என்னும் அறிஞர் கையால் கணக்கிட்டுக் கண்ட இந்த எண்ணை, ஹார்டியும் இராமானுஜனும் 1918-இல் வெளியிட்ட வாய்பாடு எட்டே உறுப்புகளில் மிக நெருங்கித் தந்தது. அதே ஆண்டு இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் பெல்லோவாகத் தேர்வான முதல் இந்தியராகவும் அவர் சிறப்புற்றார்.

ஆனால் 1917-லேயே உடல் தளர்ந்துவிட்டது. எலும்புருக்கி நோய் என மருத்துவர்கள் கருதினர். பிற்காலத்தில், 1994-இல், மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் ஒருவர், இளமையில் கண்ட சீதபேதியின் விளைவாகக் கல்லீரலில் தங்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் எனக் கூறினார். அவ்வாறாயின் அது அக்காலத்திலேயே குணப்படுத்தத்தக்க நோய்.

1919 மார்ச்சில் பம்பாய் வந்து சேர்ந்த இராமானுஜன், சென்னையிலும் கொங்கு நாட்டுக் கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் சிகிச்சை பெற்றார். பிறந்த ஊரை ஒட்டி ஓடும் அதே காவிரியின் கரையில், கொடுமுடியில் சில காலம் ஓய்ந்திருந்தார். மனம் மட்டும் ஓயவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில் போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதிய துறையையே திறந்துவைத்தார். அவ்வாண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். வயது 32.

தையல் இயந்திரமும் நோட்டுப் புத்தகமும்

இருபது வயதைத் தாண்டிய சிறிது காலத்தில் கைம்மை எய்திய ஜானகியம்மாள், பம்பாயில் சகோதரர் இல்லத்தில் தங்கித் தையல் கற்றார். பின்னர் சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த சிறு உதவித்தொகையோடு தையல் வருவாயும் சேர்ந்து வாழ்க்கை நடந்தது. ஆதரவற்ற சிறுவன் ஒருவனை வளர்த்து ஆளாக்கவும் செய்தார். துணிக்கடைக் கணக்கரின் மருமகள், ஊசியும் நூலும் கொண்டு தம் காலில் நின்ற வரலாறு, தையல் இயந்திரத்தின் ஓசையில் கண்விழிக்கும் ஊரில் நினைவுகூரத்தக்கது. கணவருக்குச் சிலை எழுப்புவதாகச் சொன்னவர்கள் சொன்னபடி செய்யவில்லை என்ற அவரது ஆற்றாமையை அறிந்து, பல நாட்டுக் கணித அறிஞர்கள் 1980-களில் தத்தம் பணம் திரட்டி இராமானுஜனின் மார்பளவுச் சிலையை வடித்து அளித்தனர். அம்மையார் 1994-இல் மறைந்தார்.

இராமானுஜனின் கடைசி ஆண்டுத் தாள்கள் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞர் கண்ணில் பட்டன. 1915-இல் அச்சேறாமல் நின்ற உயர்பகு எண் ஆராய்ச்சியின் எஞ்சிய பகுதியும் அழியாமல் இருந்தது. பிரெஞ்சு நாட்டின் நிக்கோலாவும் இராபெனும் குறிப்புகள் எழுத, அது 1997-இல் இராமானுஜன் பெயரால் அமைந்த ஆய்விதழில் வெளிவந்தது. எழுதப்பட்டு எண்பது ஆண்டுகள் கடந்தபின்.

அப்பகுதியின் மதிப்பு அதற்குள் உயர்ந்திருந்தது. கணித உலகில் இன்னும் தீர்வு காணாத பெரும் வினா ரீமான் கருதுகோள். அது மெய்யெனக் கொண்டால், போதிய அளவு பெரிய எந்த எண்ணின் வகுத்திகளைக் கூட்டினாலும் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எல்லையைக் கடக்காது என்று இராமானுஜன் காட்டியிருந்தார். 1984-இல் இராபென் அதற்கு மேலும் சென்று, அவ்வெல்லை 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் பொருந்துமாயின் ரீமான் கருதுகோள் மெய்யே என நிறுவினார். பட்டியலில் விடுபட்ட எண்ணின் வகுத்திகளும் 5040 என்பது எண்களின் உலகில் நேர்ந்த இனிய தற்செயல்.

2012 முதல் டிசம்பர் 22 இந்தியாவில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிகளில் அன்று அவர் படத்துக்கு மாலை சூட்டப்படுகிறது. அவரை அதிசயப் பிறவியாக மட்டும் காட்டினால், தேர்வில் தோற்றுப் பின்னலாடைக் கூடத்தில் டஜன் எண்ணிக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு அவர் எட்டாத் தொலைவில் நின்றுவிடுவார். தேர்வில் தோற்று, தாள் வாங்க வழியின்றிச் சிலேட்டில் எழுதி, எண்களை ஒவ்வொன்றாக அடுக்கி, ஓரிடத்தில் ஓர் எண்ணை விட்டுவிட்ட மனிதராகக் காட்டினால், அந்த இளைஞன் கையிலுள்ள பன்னிரண்டும் அவருடைய பட்டியலின் நான்காவது எண் என்பது தெரியவரும்.